மலிவு யாருக்கு? நிலாவெளிக் கரையும் முதுகுப்பைப் பயணியும்

உல்லாசப் பயணத்துறை பற்றிய விவாதம் இலங்கையில் இரு குரல்களிலேயே பெரிதும் ஒலித்து வந்துள்ளது. அந்நியச் செலாவணியே நாட்டின் மீட்சி என்பது ஆட்சியாளர் குரல். அரைகுறை ஆடையும் மதுக்கிண்ணமும் பண்பாட்டைச் சீரழிக்கின்றன என்பது ஊர்ப் பெரியோர் குரல். முன்னது டொலரை எண்ணுகின்றது. பின்னது ஆடையை அளக்கின்றது. கரையில் உழைப்போரின் நிலம், கூலி, கடல் ஆகியன பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளி, இவ்விரு குரல்களின் வறுமையையும் நன்கு புலப்படுத்தும்.

குறைந்த செலவில் நாடு சுற்றும் மேனாட்டு இளைஞர் கூட்டம் ஆசியாவுக்குப் புதிதன்று. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஐரோப்பாவிலிருந்து இஸ்தான்புல், காபூல் வழியாகத் தரைமார்க்கமாக வந்தோரிற் சிலர் இலங்கைக் கரைகளையும் அடைந்தனர். ஆசியாவை மலிவாகக் கடப்பதையே தலைப்பாகக் கொண்ட வழிகாட்டி நூலொன்றை வீலர் தம்பதியர் 1973 இல் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த லோன்லி பிளனெற் நிறுவனம், 2019 இற் செல்லத்தக்க நாடுகளுள் இலங்கையை முதலிடத்தில் வைத்தது.

மலிவு என்பது எந்த நாட்டினதும் இயற்கைக் குணமன்று. நாணய மாற்று வீதத்தாலும் குறைந்த கூலியாலும் ஆக்கப்படுவது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவிற்கு உயர்ந்தது. பயணியின் கையிலிருந்த அதே டொலருக்குக் கூடுதலான ரூபா கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறு மீனவரின் இயந்திரப் படகு ஓடுவது அம்மண்ணெண்ணெயினாலேயாம். ரூபாவின் ஒரே வீழ்ச்சி ஒருவனுக்கு நீண்ட விடுமுறையாகவும், இன்னொருவனுக்குக் கரையேற்றிய படகாகவும் அமைந்தது.

இதனாற் பயணியைப் பகைவனாகக் கொள்வது பொருந்தாது. வீதத்தை வகுத்தவன் அவனல்லன். அன்றியும், பெருஞ்செலவு செய்யும் "தரமான" பயணியே நாட்டுக்குத் தேவை என்ற வாதம் இதனினும் பொய்யானது. பெருவிடுதிக்கு வருபவன் கொடுக்கும் பணத்திற் கணிசமான பங்கு வெளிநாட்டு முகவரிடமும் தலைநகர்க் கம்பனியிடமும் தங்கிவிடுகின்றது. முதுகுப்பையுடன் பஸ்ஸில் வந்திறங்குபவன் வீட்டறையில் தங்குகின்றான். இடியப்பத்துக்கும் சம்பலுக்கும் கொடுக்கும் காசு சமைத்தவளின் கையில் நேரே சேர்கின்றது. புறாமலைக்குச் செல்ல அவன் கொடுக்கும் கூலி ஊர்ப் படகோட்டியைச் சேர்கின்றது. அவன் அருந்தும் பியரின் விலையோ பெரும்பாலும் மதுவரியாகவும் கம்பனி இலாபமாகவும் ஊரைவிட்டு வெளியேறுகின்றது. மதுவை எதிர்க்க விரும்புவோர் இக்கணக்கைக் காட்டி எதிர்க்கலாம். ஆனால் வெள்ளையனின் கிண்ணத்தைக் கண்டு கொதிப்போர், உள்ளூர்த் தவறணையில் மீனவனின் நாளாந்த உழைப்புக் கரைவதைக் கண்டும் காணாதிருக்கின்றனர்.

எனினும் இச்சிறு வருவாயும் நிலம் ஊராரிடம் இருக்கும்வரையே ஊராருக்கு உரியது. 1983 இன் பின்னர் போரினால் இடம்பெயர்ந்த மக்கள், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் எஞ்சியதையும் இழந்தனர். அதன்பின் வடக்குக் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு அறிவித்தது. உல்லாசப் பயணக் கட்டடங்களுக்குக் காட்டப்பட்ட சலுகை அன்றே கண்டிக்கப்பட்டது. கட்டுப்பாடு பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், கரை யாருக்குரியது என்ற அரசின் எண்ணம் அதில் வெளிப்பட்டது. 2009 இற் போர் முடிந்தபின் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவிற் பெருவிடுதிகள் வரிசையாக எழுந்தன. தோணி விடும் இடம் சுருங்கியதென மீனவர் முறையிட்டனர். நிலாவெளியும் அவ்வழியே செல்லவேண்டுமா?

கடலுக்கும் இதே கேள்வி உண்டு. புறாமலை 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆழமற்ற நீரில் முருகைக் கற்களை மிதிப்பவனின் பை சிறிதோ பெரிதோ, சேதம் ஒன்றே. முருகை அழிந்தால் பயணி வேறொரு கரைக்குப் போய்விடுவான், படகோட்டிக்குப் போக்கிடமில்லை.

ஆகவே, எத்தனை இலட்சம் பேர் வந்தனர் என்ற கணக்கை விடுத்து, கரை எவர் கையில் உள்ளது என்று கேட்டல் வேண்டும். குடியிருப்போர்க்கு உறுதியான காணி உரிமை, மீனவர்க்குப் பறிக்கவியலாத படகுத்துறை, வீட்டு விடுதி நடத்தும் பெண்களுக்கு எளிய அனுமதியும் கடனும், புறாமலைக்கு நாளொன்றுக்குச் செல்வோர் தொகைக்கு ஓர் எல்லை: இவை கிட்டாவிடின், வந்தவன் செல்வனாயினும் வறியவனாயினும் நிலாவெளி மக்கள் தம் சொந்தக் கரையிற் கூலிகளாகவே எஞ்சுவர்.