அளந்தறியும் ஆற்றலை இழந்துவிடக் கூடாது

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் சினோபார்ம் தடுப்பூசி இந்நாட்டு மக்களுக்கு ஏற்றப்பட ஆரம்பித்தபோது, அது எந்தளவுக்குப் பாதுகாப்பளிக்கும் என்ற கேள்வி பரவலாக எழுந்திருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அதனை அவசரகாலப் பாவனைக்கு அங்கீகரித்திருந்த போதிலும், முதியவர்கள் தொடர்பான தரவுகள் போதியளவில் இருக்கவில்லை. இக்கேள்விக்கு எமது மக்களின் இரத்த மாதிரிகளைக் கொண்டே விடை தேடியவர்கள் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் பேராசிரியை நீலிகா மளவிகே உள்ளிட்ட ஆய்வாளர்களாவர். தடுப்பூசி ஏற்றிக்கொண்டோரில் சுமார் 95 சதவீதமானோரின் உடலில் பிறபொருளெதிரிகள் உருவாகியிருந்ததையும், முதியவர்களிடம் அவை ஒப்பீட்டளவில் குறைவாகக் காணப்பட்டதையும் அவர்கள் வெளிப்படுத்தினர்.

இத்தகைய ஆய்வுகளுக்கு ஆதாரமாக அமைந்த ஒரு பொருளைப் பற்றிப் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஏ.சி.ஈ. 2 எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மனித நொதியமே அதுவாகும். குருதியமுக்கத்தைச் சீராக்க உதவும் இந்நொதியம் 2000 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. சார்ஸ் வைரஸ் மனிதக் கலங்களுக்குள் நுழையும் வாசலும் இதுவே என்பது 2003 இல் தெரியவந்தது. எனவே, 2020 இல் கொவிட் தொற்று உலகைச் சூழ்ந்தபோது விஞ்ஞானிகள் இருளில் துழாவ வேண்டிய நிலை ஏற்படவில்லை.

இந்நொதியத்துக்குரிய மனிதப் பரம்பரையலகை ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் கலங்களுக்குள் செலுத்தி, அக்கலங்களைக் கொண்டே அது உற்பத்தி செய்யப்படுகின்றது. வைரஸின் முட்புரதம் இதனுடன் இணைவதை ஒருவரது பிறபொருளெதிரிகள் எந்தளவுக்குத் தடுக்கின்றன என்பதைச் சில மணித்தியாலங்களில் அளவிட முடியும். உயிருள்ள வைரஸோ அதற்கான உயர் பாதுகாப்பு ஆய்வுகூடமோ இதற்குத் தேவையில்லை. வறிய நாடொன்றுக்கு இது எத்துணை பெரிய வாய்ப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், 'ஆராய்ச்சிப் பாவனைக்கு மட்டும்' என்ற குறிப்புடன் மைக்ரோகிராம் அளவில் விற்கப்படும் இத்தகைய புரதங்களை நாம் டொலர் கொடுத்தே பெற வேண்டியுள்ளது. குளிர்நிலை சற்றுத் தவறினாலும், துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ தாமதம் ஏற்பட்டாலும் அவை பயனற்றுப் போகக்கூடும். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகள்கூடப் பரிசோதனை இரசாயனங்களுக்குத் தவித்ததை நாடு மறந்திருக்க முடியாது. அவ்வாறிருக்க, ஆராய்ச்சியாளர்களின் நிலை பற்றிக் கூறவும் வேண்டுமா?

ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்குமாக இலங்கை பல வருடங்களாகச் செலவிட்டு வந்திருப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம் மாத்திரமே. அதனை ஒரு சதவீதத்துக்கு மேல் உயர்த்தப்போவதாக மாறி மாறி வந்த அரசாங்கங்கள் அளித்த வாக்குறுதிகள் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவிட்டன.

எல்லாவற்றையும் இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும், அத்தியாவசிய ஆய்வுகூடப் பொருட்களை விரைந்து விடுவிக்கும் சுங்க நடைமுறையும், அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட நிதியும், எளிய புரதங்களையேனும் எமது பல்கலைக்கழகங்களே உற்பத்தி செய்வதற்கான வசதிகளும் ஏற்படுத்தப்பட வேண்டும். தனது மக்களுக்கு ஏற்றப்படும் மருந்தின் பயனைத் தானே அளந்தறிய முடியாத நாடு, விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியற்றதாகிவிடும். அடுத்த கொள்ளைநோய் எமது வரவு செலவுத் திட்டத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்துகொள்வது அவசியமாகும்.