ஐஸ் வரலைன்னா சந்தோஷப்படுங்க, வானிலைக்காரங்களைத் திட்டாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். அமெரிக்காவுல சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் இருக்கிறவங்க பொறுமையா படிச்சுட்டு அவங்களுக்கும் அனுப்பி விடுங்க.

டல்லாஸ்ல இருக்கிற என் சித்தி பையன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வாய்ஸ் நோட் போட்டிருந்தான். "மூணு நாளா ஐஸ் புயல், ஐஸ் புயல்னு கத்துனாங்க. கடையில வரிசையில நின்னு பாலு, பிரெட்டு, தண்ணி எல்லாம் வாங்கி வெச்சேன். கடைசியில வெறும் மழை. இனிமே இவனுங்க சொல்றதை நம்பவே போறதில்லை." கீழ மாமா, அத்தை, பெரியப்பா எல்லாரும் வரிசையா சிரிப்பு ஸ்மைலி. எந்த ஊரா இருந்தாலும் வானிலை ஆளுங்க இப்படித்தான்னு ஒரு கமெண்ட் வேற.

நைட் டூட்டி முடிச்சு வந்து இதைக் கேட்ட எனக்குச் சிரிப்பு வரலை. அன்னைக்கு ராத்திரி வார்டுல நான் வாங்கின திட்டும் இதேதான்.

டெங்கு பேஷண்ட். காய்ச்சல் விட்டுப்போச்சு, ஆனா வயித்து வலி, விடாம வாந்தி. டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்தான நேரமே. அதனால அட்மிட் பண்ணி ராத்திரி பூரா பிபி, நாடி, சிறுநீர் அளவுன்னு பார்த்துட்டே இருந்தோம். காலையில ஆளு எழுந்து இட்லி சாப்பிடுறார். கூட இருந்தவர் என்கிட்ட வந்து, "ஒண்ணுமே ஆகலையே டாக்டரம்மா, எதுக்கு எங்களை பயமுறுத்தினீங்க? என் ஒரு நாள் கூலி போச்சு"ன்னார்.

கூலி போனது நிஜம். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா யாரு ஷாக்குக்குப் போவாங்கன்னு யார் நெத்தியிலயும் எழுதி ஒட்டியிருக்காது. அபாய அறிகுறி இருக்கிற எல்லாரையும் படுக்க வெச்சுப் பார்த்தாத்தான் அந்த ஒருத்தரைப் பிடிக்க முடியும். மத்தவங்க நல்லபடியா வீட்டுக்குப் போறது என் கணிப்பு தப்புன்னு அர்த்தம் இல்லை.

ஐஸ் புயலும் இதே கதைதான். சொல்லப்போனா இன்னும் மோசம்.

நாம நினைக்கிற மாதிரி அது வானத்துல இருந்து ஐஸ் கொட்டுறது இல்லை. மேகத்துல பனியா கிளம்பி, நடுவுல ஒரு வெதுவெதுப்பான காத்து அடுக்கு வழியா வரும்போது உருகி மழையாயிடும். தரைகிட்ட மட்டும் மெல்லிசா ஒரு அடுக்கு பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ இருக்கும். அது மெல்லிசுங்கிறதால துளி மறுபடி உறைய நேரம் இருக்காது. தண்ணியாவே வந்து ரோடு, மரக்கிளை, கரண்ட் கம்பின்னு எதைத் தொடுதோ அது மேல அப்பவே ஐஸா ஒட்டிக்கும்.

அந்தக் கீழ் அடுக்கு கொஞ்சம் தடிமனா இருந்தா, துளி வழியிலயே உறைஞ்சு மணி மணியா விழும். தரையில ஒரே ஒரு டிகிரி கூடுதலா இருந்தா வெறும் குளிர் மழை. என் தம்பிக்குக் கிடைச்சது அதுதான். அந்த ஒரு டிகிரி அவன் பக்கம் சாயலைன்னா? கம்பி மேல அரை அங்குலம் ஐஸ் ஏறினாலே ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கூடுதலா 200 கிலோவுக்கு மேல பாரம். கம்பி அறுந்து கரண்ட் போயிடும். குளிர்ல கரண்ட் போறதுன்னா வீட்டுல ஹீட்டர் போறது. நம்ம ஊர்ல ஃபேன் நிக்கிற மாதிரி இல்லை அது.

இப்ப ஒரு பழைய கதை. 2014 ஜனவரி 28, அட்லாண்டா. பனி அதிகமா நகரத்துக்குத் தெற்கேதான் விழும்னு முந்தின நாள் வரைக்கும் கணிப்பு. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு முன்னாடியே வானிலை அலுவலகம் அட்லாண்டாவுக்கும் சேர்த்து புயல் எச்சரிக்கையா உயர்த்திடுச்சு. ஆனாலும் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் திறந்தாங்க. மதியம் பனி விழ ஆரம்பிச்சதும் எல்லாரையும் ஒரே நேரத்துல வீட்டுக்கு அனுப்புனாங்க. விழுந்தது ரெண்டரை அங்குலம்தான். ஆனா ரோடு ஐஸாகி, லட்சக்கணக்கான வண்டி அப்படியே நின்னுடுச்சு. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலயும் ஸ்கூல் பஸ்லயும் ராத்திரியைக் கழிச்சாங்க. நெடுஞ்சாலை நெரிசல்லயே ஒரு குழந்தை பிறந்துச்சு. பிரசவம் பார்த்த எனக்கு அதைப் படிக்கும்போதே வயித்தைக் கலக்குது.

மாகாண கவர்னர் நேதன் டீல் (அங்க கவர்னர்னா நம்ம முதலமைச்சர் மாதிரி) முதல்ல இது எதிர்பாராத புயல்னு சொன்னார். வானிலைக்காரங்க கொதிச்சுட்டாங்க. நாங்க சொன்னோமேன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனா நடுவுல அவர் சொன்ன ஒரு காரணத்தை கவனிக்கணும். முன்னாடியே எல்லாத்தையும் மூடி, பனி வராம போயிருந்தா, எவ்வளவு கோடி நஷ்டம்னு நீங்கதானே என்னைக் கேட்டிருப்பீங்கன்னார்.

அவர் செஞ்சது தப்பு. ஆனா அந்தக் கேள்வி தப்பில்லை. மழை வராதப்ப நாம போடுற ஒவ்வொரு மீமும் அடுத்த தடவை முடிவெடுக்க வேண்டிய அதிகாரியைத் தயங்க வைக்குது. கிண்டலுக்குப் பயந்து ஒருத்தர் லீவு விடாம இருந்தா, பஸ்ல மாட்டிக்கிறது நம்ம பிள்ளைதான்.

ரெண்டு வாரம் கழிச்சு அதே ஜார்ஜியாவுல நிஜமான ஐஸ் புயலே வந்துச்சு. வானிலை அலுவலகம் 'பேரழிவு'ங்கிற வார்த்தையையே எச்சரிக்கையில போட்டுச்சு. இந்தத் தடவை எல்லாரும் கேட்டாங்க. லட்சக்கணக்கான வீட்டுல கரண்ட் போச்சு, ஆனா அட்லாண்டா ரோடு காலி. அதே ஊரு, அதே ஜனங்க, அதே கவர்னர்.

டல்லாஸ்காரனுக்கு ஜார்ஜியா தூரம்னா, பக்கத்துலயே சொல்றேன். 2021 பிப்ரவரி 11 காலையில ஃபோர்ட் வொர்த்ல லேசான உறைமழைதான். நெடுஞ்சாலையில கண்ணுக்கே தெரியாத ஐஸ். 130க்கும் மேல வண்டி ஒண்ணு மேல ஒண்ணு மோதி 6 பேர் இறந்தாங்க. அதுல மாட்டினவங்கள்ல ஆஸ்பத்திரி டூட்டிக்கு வந்து போற ஆளுங்களும் இருந்தாங்க. அடுத்த சில நாள்ல டெக்சாஸ் முழுக்க, 254 கவுண்டியிலும், புயல் எச்சரிக்கை. மின்சாரம் சரிஞ்சுது. மாகாண சுகாதாரத் துறை கணக்குப்படி 246 சாவு. அதுல 161 பேர் குளிர்ல. 22 பேர் வாகன விபத்துல. 19 பேர் கார்பன் மோனாக்சைடு விஷத்துல.

வானிலைக்காரங்க சொல்லாம விட்ட சாவு இல்லை இது. மின்சாரம் காப்பாத்த வேண்டியவங்க தயாரா இல்லை. அதுக்கும் சேர்த்து வானிலைக்காரனைத் திட்டுறது சவுகரியம், அவ்வளவுதான்.

அந்த 19 பேரைப் பத்தி டாக்டரா ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். கரண்ட் போனதும் குளிர் தாங்காம கரி அடுப்பை வீட்டுக்குள்ள கொண்டு வருவாங்க. இல்ல, கராஜ்ல காரை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு உக்காருவாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். கொரோனா காலத்துல எல்லாரும் வாங்கி வெச்சோமே, அந்த பல்ஸ் ஆக்சிமீட்டர், அது இதுல பொய் சொல்லும். ஆளு செத்துட்டு இருப்பார், மெஷின் 98 காட்டும். வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, மயக்கம்னா சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைக்காம உடனே எல்லாரும் வெளிய வந்துடணும். அப்புறம் ஆம்புலன்ஸ்.

சரி, தம்பிகிட்ட வருவோம். அவனுக்கு போன் பண்ணி ஒரே கேள்வி கேட்டேன். "ஐஸ் புயல் வரும்னு உன்கிட்ட யாருடா சொன்னது?"

அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தா, ஃபேஸ்புக்ல யாரோ போட்ட கலர் கலரான மேப். எட்டு நாளைக்கு முன்னாடி கம்ப்யூட்டர் மாடல் ஒண்ணு ஒரு தடவை துப்பினது. ஆறு மணி நேரம் கழிச்சு அதே மாடல் வேற படம் காட்டும், அதை யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க. அவங்க ஏரியாவுக்கான அரசு வானிலை அலுவலகம் ஃபோர்ட் வொர்த்ல இருக்கு. அங்க இருக்கிறவங்க தினமும் விளக்கக் குறிப்பு எழுதுறாங்க. எது உறுதி, எது உறுதியில்லை, எந்த டிகிரில எது மாறும்னு வெளிப்படையா போடுவாங்க. இவன் அதை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. நம்பிக்கை போனது யாரோ ஒருத்தன் மேல, தண்டனை உள்ளூர் அலுவலகத்துக்கு. போலி டாக்டர்கிட்ட ஊசி போட்டுட்டு வந்து ஜி.ஹெச். சரியில்லைங்கிற மாதிரி இருக்கு.

வானிலை அலுவலகம் தப்பே பண்ணாதுன்னு நான் சொல்லலை. பண்ணும். நானும் பண்றேன். ஆனா தப்பு பண்றவங்களுக்கும், கணக்குப் போட்டு எச்சரிக்கிறவங்களுக்கும் வித்தியாசம் தெரியாம எல்லாத்தையும் ஒரே மீம்ல அடைக்காதீங்க.

நம்ம ஊரும் ஒண்ணும் ஒசத்தி இல்லை. 2024 அக்டோபர்ல சென்னைக்கு ரெட் அலர்ட் விட்ட அன்னைக்குப் பெரிசா மழை இல்லைன்னு எவ்வளவு கிண்டல். வேளச்சேரி பாலத்து மேல காரை நிறுத்தினவங்களையும் விட்டு வைக்கலை. 2015ல கார் மூழ்கினவனுக்குத்தான் அந்தப் பாலத்தோட அருமை தெரியும்.

போனை வைக்கிறதுக்கு முன்னாடி தம்பி ஒண்ணு கேட்டான். "அக்கா, கரண்ட் போனா ஜெனரேட்டரை கராஜ்ல வெச்சுட்டு ஷட்டரைப் பாதி தூக்கி விட்டா போதும்ல?"

போதாதுடா. வீட்டுக்கு வெளிய, ஜன்னல் கதவுல இருந்து இருபது அடியாவது தள்ளி. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு இன்னைக்கே வாங்குன்னேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு அலாரம் போட்டோ வந்துச்சு. கூடவே வாங்கி வெச்ச ரெண்டு கேலன் பாலை என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி. சித்தியைக் கேட்டு பால்கோவா கிண்டுன்னு சொல்லிட்டேன்.