இத்தா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துச் செல்கிறது. அரியலூர்ச் சாலைகளிலோ சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. சாலை விபத்தில் ஓர் உயிரையேனும் பறிகொடுக்காத மஹல்லா இவ்விரு மாவட்டங்களிலும் அரிதாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஜனாஸாத் தொழுகைக்கு ஊரே திரள்கிறது. துயரமுற்ற வீட்டுக்கு அண்டை வீடுகளிலிருந்து உணவு வந்து சேர்கிறது. இழப்பீடு பற்றி எவரேனும் பேச்செடுத்தால் மட்டும், "மய்யித்தை வைத்துக் காசு பார்ப்பதா?" என்ற ஒரு கேள்வியில் அப்பேச்சு அடங்கிவிடுகிறது. சற்று நிதானமான பெரியவர் எனில், "இத்தா முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பார். இவ்விரண்டில் அதிகக் கேடு விளைவிப்பது இரண்டாவது சொல்தான் என்பது என் கருத்து.

காரணம் எளிய கணக்கு. கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. இத்தா கழிந்தபின் எஞ்சுவது ஐம்பது நாள் அளவே. வாரிசுச் சான்றிதழுக்கும் ஆவணங்களுக்கும் அலைவதிலேயே அது கரைந்துவிடும். தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கூறியிருப்பது இடைக்கால உத்தரவு மட்டுமே. அதனை நம்பிக் காலம் கடத்துவது விவேகமாகாது.

இத்தாவில் இருப்பவள் நீதிமன்றப் படியேற வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே கையொப்பமிடலாம். சார்ந்திருந்தோர் அனைவருக்குமாக மாமனாரோ வளர்ந்த மகனோ மனுச் செய்யலாம். விபத்து செங்கல்பட்டில் நடந்திருப்பினும், குடும்பம் வசிக்கும் பெரம்பலூரிலோ அரியலூரிலோ உள்ள தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடமளிக்கிறது.

இனி, "காசு பார்ப்பதா" என்ற கேள்விக்கு வருவோம். தவறுதலாக ஒரு மூமினைக் கொன்றவர், கொல்லப்பட்டவரின் குடும்பத்தாருக்குத் தியத்தை ஒப்படைக்க வேண்டும் என்று சூரா அன்னிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அவர்களாக மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அது கடமை. மரணம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த நாட்டத்தை நம்பும்படி கூறிய வேதமே இந்தப் பொறுப்பையும் சுமத்துகிறது. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் ஏராளம். அமீரகத்தில் ஒருவர் விபத்தில் மரணித்தால், தியத்தாக நிர்ணயிக்கப்பட்ட 2,00,000 திர்ஹத்தைப் பெறத் தூதரகம் வரை எழுதிக் கேட்கிறோம்; அதனை யாரும் இழிவாகக் கருதுவதில்லை. அதே மனிதர் பாடாலூர் அருகே இறந்தால் மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

இந்தக் கூச்சத்தின் விலையை யதீம்கள் கொடுக்கிறார்கள். பாட்டனாருக்கு வேறு ஆண்மக்கள் உயிரோடிருந்தால், தந்தையை இழந்த பேரக்குழந்தைகளுக்கு அவருடைய சொத்தில் வாரிசுரிமை இல்லை. வஸிய்யத்தோ அன்பளிப்போ இல்லையெனில் அவர்கள் வெறுங்கையர். இந்நிலையில் தந்தையின் உயிருக்கான இழப்பீடே அக்குழந்தைகளுக்கென்று எஞ்சும் பெரும்பொருளாக இருக்கக்கூடும். அதனைத்தான் அடக்கம் முடிந்த வாரத்திலேயே லாரி உரிமையாளரின் ஆட்கள், முத்தவல்லியையோ வட்டாரப் பிரமுகரையோ முன்னிறுத்தி, ஒரு லட்சத்துக்கோ இரண்டு லட்சத்துக்கோ முத்திரைத் தாளில் எழுதி வாங்கிச் செல்கிறார்கள். மன்னிப்பது உயர்ந்த குணம். ஆனால் வயதுக்கு வராத பிள்ளையின் பங்கை மன்னிக்கப் பெரியவருக்கு அதிகாரமில்லை. ஃபிக்ஹு இவ்வாறே கூறுகிறது. நாட்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், வழக்கில் மைனர் சார்பாகச் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி தேவை என்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் இத்தகைய தாளில் சாட்சிக் கையொப்பமிடுவதை அறவே நிறுத்த வேண்டும்.

அந்தத் தாளில் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு, மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய, நிரந்தர வேலையில்லாத 32 வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரைச் சார்ந்தவர்கள். பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி எதிர்கால வருவாய்க்காக 40 விழுக்காடு கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவருடைய வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். அடக்கச் செலவு முதலியன தனி. இல்லத்தரசி இறந்தாலும் அவர் உழைப்புக்கு மதிப்பிட்டு வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. நம் வீட்டுப் பெண்களின் மரணத்தில் "அவள் சம்பாதிக்கவில்லையே" என்று மனுவே செய்யாமல் விட்டவர்கள் பலர்.

ஓட்டுநரின் தவற்றை நிறுவ இயலாவிடினும் 164ஆம் பிரிவின்கீழ் 5 லட்சம் கோரலாம். மோதிய வாகனம் எதுவென்றே தெரியாதபோது, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் வழியே 2 லட்சம் கிடைக்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும். மய்யித்தின் கண்ணியத்தை எண்ணிப் பரிசோதனையைத் தவிர்க்கப் பலர் மன்றாடுகிறார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆயினும் அவ்வறிக்கை இல்லாவிடில், விபத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பையே காப்பீட்டு நிறுவனம் மறுக்கும். மருத்துவமனையில் சில நாள் கிடந்து இறந்தவர் எனில் இது இன்னும் முக்கியம். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் பரிசோதனை செய்ய 2021 நவம்பரில் ஒன்றிய அரசு அனுமதித்துவிட்டது. எனவே ஜமாஅத்தின் முயற்சி, பரிசோதனையை விரைவாக முடித்து வாங்குவதில் இருக்கட்டும்.

வேலைத்தள மரணங்களில் வேறொரு குழப்பம். 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் வெடி ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டபோது, குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாயை அரசு அறிவித்தது. அது நிவாரணம். முதலாளி தர வேண்டிய இழப்பீடு சட்டப்படி தனியானது. நிவாரணம் பெற்றதால் அது தீர்ந்துவிடாது. இதை அறியாத குடும்பங்கள் காசோலையோடு திரும்பிவிடுகின்றன.

தீர்ப்பாயம் தொகையோடு வட்டியும் சேர்த்து வழங்குகிறதே என்று மார்க்கப் பேணுதலுள்ளோர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். வட்டியாக வருவதைத் தனியே கணக்கிட்டு, அதனை என்ன செய்வது என்று நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். அதற்காக மூலத் தொகையையே கைவிடுவானேன்? காப்பீட்டு நிறுவனம் தரும் பணமாயிற்றே என்போருக்கும் ஒரு சொல்: காப்பீடு செய்தவர் வாகன உரிமையாளர். உங்களுக்குக் கடன்பட்டவரும் அவரே. அதை அவர் எவ்வழியில் அடைக்கிறார் என்பது அவர் பாடு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதும் தடையாகாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவாயினும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். தொலைபேசி எண் 15100. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வழக்கறிஞர்களுக்கு விதிப்படி தடுக்கப்பட்டது. அப்படி எவரேனும் கேட்டால் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் அந்தத் தேடலும் இத்தா நாட்களுக்குள்ளேயே நடக்கட்டும்.