டிரெய்லருக்கு பிரேக் எங்கே?

கோடையில கண்மாய்த் தண்ணி வத்த ஆரம்பிச்சதும் எங்க சிவகங்கைப் பக்கம் ஒவ்வொரு ஊரா மீன்பிடித் திருவிழா வரும். விடியறதுக்கு முன்னாடியே சுத்துப்பட்டுச் சனம் ஊத்தா, கச்சா, வலை, பழைய சேலைன்னு கையில கிடைச்சதோட கரையில வந்து நிக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசினதும் எல்லாரும் ஒண்ணா உள்ளே இறங்குவாங்க. விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபின்னு அவங்கவங்க பிடிச்சது அவங்கவங்களுக்கு. அந்த வீடியோவை நீங்களும் போன்ல பார்த்திருப்பீங்க. அந்தச் சனத்துல பாதி அங்கே எப்படி வந்து சேருதுங்கிறது வீடியோவில் வராது. டிராக்டர் டிரெய்லர்லதான் வருது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அப்படி ஒரு டிரெய்லரை ஓட்டினவன் நான். பின்னாடி இருபத்தாறு பேர். அதுல ஒன்பது பேர் சின்னப் பிள்ளைங்க. இருட்டு விலகாத நேரம். கண்மாய்க் கரையிலேருந்து சரிவுல இறங்கும்போது பிரேக்கை மிதிச்சேன். வண்டி நிக்கல, தலை மட்டும் இடது பக்கமா இழுத்துச்சு. பின்னாலேருந்து டிரெய்லர் முட்டித் தள்ளுது. பயத்துல கிளச்சையும் சேர்த்து மிதிச்சேன். அதுவரைக்கும் இன்ஜின் கொடுத்த பிடிமானமும் போச்சு. கருவேல மரத்துல மோதி நின்னோம். மரம் இல்லைன்னா பத்தடிப் பள்ளம். எங்க அத்தைக்கு மணிக்கட்டு முறிஞ்சது. "விடுறா, புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நடந்தது என்ன? டிராக்டர்ல வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக் பெடல், இடது சக்கரத்துக்கு ஒண்ணு. உழும்போது வரப்போரம் ஒடிச்சுத் திரும்ப ஒரு பெடலை மட்டும் மிதிப்போம். ரோட்டுக்கு வரும்போது ரெண்டையும் சேர்த்து லாக் போடணும். முந்தின நாள் உழுதுட்டு வந்தவன் லாக் போட மறந்துட்டேன். அது முழுக்க என் தப்பு.

ஆனா லாக் போட்டிருந்தாலும் கதை ரொம்ப மாறியிருக்காது. எங்க டிராக்டர்கள்ல பிரேக் பின் சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான். வண்டியோட எடை ஏறக்குறைய ரெண்டு டன். டிரெய்லரும் ஆளுங்களும் சேர்ந்தா அதுக்கு மேல வரும். அந்த டிரெய்லருக்கோ பிரேக்கே கிடையாது. தன்னைவிடக் கனமான ஒண்ணு முதுகுல தள்ளும்போது ரெண்டு சக்கரம் எவ்வளவுதான் பிடிக்கும்?

டிரெய்லருக்கு பிரேக் வைக்கிறது முடியாத காரியமில்ல. டிராக்டர்லேருந்து ஹைட்ராலிக் குழாய் இழுத்து டிரெய்லர் சக்கரத்துக்கும் பிரேக் கொடுக்கலாம். டிரெய்லர் முன்னால முட்டும்போது அந்த முட்டுற விசையிலேயே தானாகப் பிடிக்கிற பிரேக்கும் இருக்கு. வெளிநாட்டில் படகை ஏத்திக்கிட்டு மீன்பிடிக்கப் போறவங்க டிரெய்லர்ல அது சாதாரணம். பொழுதுபோக்குக்குப் போற படகுக்குப் பின்னால பிரேக் இருக்கு. நெல்லும் கரும்பும் ஏத்துற எங்க வண்டிக்கு இல்ல. பட்டறையில டிரெய்லர் செய்யக் கொடுக்கும்போது தகடு எத்தனை கனம், டயர் புதுசா பழசான்னு கேக்குறோம். பிரேக்கைப் பத்தி நாங்க கேக்குறதில்ல, அவங்களும் சொல்றதில்ல. கேட்டா செலவு ஏறும்னு எங்களுக்கும் தெரியும்.

"டிரெய்லர்ல ஆள் ஏத்துறது சட்டப்படி தப்பாச்சே?" என்று கேட்பீங்க. தப்புதான். ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் பணத்துக்கும் கோர்ட்டுக்கு அலையணும். ஆனா விடியக்காலை நாலு மணிக்குக் கண்மாய்க் கரைக்கு எந்த பஸ் வருது? கோயில் திருவிழா, காதுகுத்து, நடவு வேலை எல்லாத்துக்கும் இதே கதைதான். வேற வழி இல்லாததால ஏறுறாங்க, அதை வழக்கம்னு சொல்லிக்கிறோம். இருபது வருசம் நானும் அப்படித்தான் சொன்னேன்.

இப்ப எங்க தெருவில் ஒரு ஏற்பாடு. ஊத்தா, கூடை, அண்டா மட்டும் டிரெய்லர்ல வரும். ஆளுங்களுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சு வேன். முதல் வருசம் முணுமுணுத்தாங்க. "டிராக்டரை வீட்டுல வச்சுக்கிட்டு வேனுக்குக் காசா மாப்ள?" என்று பங்காளி ஒருத்தர் கேட்டார். அத்தை தன் கையைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் பேச்சில்லை.

கோடை லீவுக்கு ஊருக்கு வர்ற உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்குறேன். உங்க பிள்ளைங்க டிரெய்லர்ல ஏறணும்னு ஆசைப்பட்டா, போட்டோவுக்காகக்கூட ஓடுற வண்டியில ஏத்தாதீங்க. நீங்க ஏறினா ஊரே தைரியமா ஏறும். அப்புறம், திருவிழா நன்கொடைன்னு உங்ககிட்ட வந்து நிப்பாங்க. மைக் செட்டுக்கும் சீரியல் பல்புக்கும் கொடுக்கிறதுல கொஞ்சத்தை வேனுக்குன்னு சொல்லிக் கொடுங்க.

பிரேக்குக்கு நான் பட்டறையில சொல்லி வச்சிருக்கேன். மாட்டினதும் என்ன செலவாச்சுன்னு இங்கேயே எழுதுறேன்.