'எல்' போர்டு... 3,000 மணி நேரம்!

பதினெட்டு வயசு முடிஞ்சதும் நீங்க செஞ்ச முதல் வேலை என்ன? வோட்டர் லிஸ்ட்ல பேர் சேர்த்தேன்னு சொல்லாதீங்க பாஸ்... ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நின்னு எல்.எல்.ஆர். வாங்கினதுதானே! வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் சிவப்பு கலர்ல 'எல்' ஒட்டி, 30 நாள் காத்திருந்து, காலைக் கீழே ஊன்றாம எட்டு போட்டுக் காட்டினா லைசென்ஸ் கையில.

ஒரு பைக்கைத் தனியா ஓட்ட 30 நாள் 'எல்' போர்டு. சரி, உடைஞ்சு போய் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷனைக் கையாள எத்தனை நாள் 'எல்' போர்டு மாட்டணும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 3,000 மணி நேரம். அதுவும் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் வாங்கிய பிறகு!

யாருக்கு இந்த லைசென்ஸ்?

நம்ம ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. என்றால் சட்டென்று ஞாபகத்துக்கு வருவது என்.ஜி.ஓ., சுய உதவிக் குழு, இல்லாவிட்டால் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை. அமெரிக்காவில் அதே பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொரு பாதையிலும் போகலாம். அதற்குப் பெயர் கிளினிக்கல் சோஷியல் வொர்க். மன அழுத்தம், குடிப் பழக்கம், குடும்ப வன்முறை, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்று வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசி, பிரச்னை என்னவென்று கண்டறிந்து, சிகிச்சை தருவது இவர்கள் வேலை. மருந்து எழுத மட்டும் முடியாது. லைசென்ஸ் வாங்கிவிட்டால் சொந்தமாக கிளினிக் போட்டு உட்காரலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பில் கொடுத்துப் பணம் வாங்கலாம்.

அந்த லைசென்ஸுக்கு எல்.சி.எஸ்.டபிள்யூ. என்று பெயர். அதைத் தருவதும், எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று தீர்மானிப்பதும் அந்தந்த மாநிலம். டெக்சாஸிலும் 3,000 மணி நேரம், மிச்சிகனில் 4,000. மூத்த குடிமக்களுக்கான மெடிகேர் திட்டம் இருக்கிறதே... லைசென்ஸ் முறை இல்லாத மாநிலம் என்றால் என்ன செய்வது என்று அதன் சட்டம் யோசித்தபோது, அதுவும் 'ரெண்டு வருஷம் அல்லது 3,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி' என்றே எழுதி வைத்தது.

கணக்குப் போடலாமா?

கலிஃபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். பட்டம் வாங்கியதும் முதலில் அங்கே இருக்கிற போர்டில் பதிவு செய்து ஒரு நம்பர் வாங்க வேண்டும். அதுதான் எல்.எல்.ஆர்.! அதோடு உங்கள் பெயருக்குப் பின்னால் 'அசோசியேட்' என்ற வார்த்தை ஒட்டிக்கொள்ளும். உங்களிடம் வருகிற கிளையன்ட்டுக்கு, நீங்கள் இன்னும் லைசென்ஸ் வாங்காதவர், இன்னொருவர் மேற்பார்வையில் வேலை செய்கிறவர் என்பது தெரிந்தாக வேண்டும். ஒளித்துவைக்கக் கூடாது.

3,000 மணி நேரத்தையும் இஷ்டத்துக்கு நிரப்ப முடியாது. குறைந்தது 2,000 மணி நேரம் சிகிச்சை சார்ந்த வேலையாக இருக்க வேண்டும். அதற்குள்ளும் 750 மணி நேரமாவது கிளையன்ட்டோடு முகம் பார்த்துப் பேசும் சிகிச்சையாக இருக்க வேண்டும். கிளையன்ட்டுக்காக அலைவது, ஆலோசனை, ஆராய்ச்சி, ஒர்க்‌ஷாப் மாதிரி சமாசாரங்களுக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம்தான்.

'ராத்திரி பகலா வேலை பார்த்து ஒரே வருஷத்துல முடிச்சுடுவேன்'னு நினைக்கிறீங்களா? அதற்கும் கேட் போட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கணக்கில் சேராது. முழுசாக 40 மணி நேரம் உழைத்தால் 75 வாரத்தில் 3,000 வந்துவிடும் அல்லவா? வந்தாலும் போக முடியாது. குறைந்தது 104 வாரம், அதாவது ரெண்டு வருஷம், மேற்பார்வையில் இருந்தே ஆக வேண்டும். புழுங்கல் அரிசியை அவசரத்துக்கு வேக வைக்க முடியாது என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது!

வாரா வாரம் ஒரு மணி நேரம்

இந்த விஷயத்தில் மணிக்கணக்கைவிட முக்கியமான வார்த்தை 'மேற்பார்வை'. சூப்பர்விஷன் என்றதும் எக்ஸாம் ஹாலில் பிட் அடிக்கிறோமா என்று முதுகுக்குப் பின்னால் நடக்கிற ஆசாமி ஞாபகத்துக்கு வருவார். இது அது இல்லை.

வாரத்துக்கு குறைந்தது ஒரு மணி நேரம், சூப்பர்வைசர் உங்களுக்காகவே உட்கார வேண்டும். குரூப்பாக என்றால் ரெண்டு மணி நேரம். அந்த குரூப்பிலும் 8 பேருக்கு மேல் கூடாது. அந்த வாரம் நீங்கள் பார்த்த கேஸ்களைப் பற்றிப் பேசுவீர்கள். அவர் கேட்பார். கேள்வி கேட்பார்.

ஒரு உதாரணம். நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் அசோசியேட். வேலைக்குச் சேர்ந்து மூணாவது வாரம். பதினாலு வயசுப் பெண் ஒருத்தி, கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை சட்டையோடு வருகிறாள். நாலாவது சந்திப்பில் கையை மடித்துக் காட்டுகிறாள். வரிசையாகக் கீறல்கள். "எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்கிறாள். உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

இப்போ என்ன செய்வீங்க? சொன்னால் அவள் நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் உயிரே போகலாம். வீட்டில் யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்களா? அந்தச் சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் கலிஃபோர்னியா சட்டப்படி நீங்கள் உடனே போனில் புகார் சொல்லி, 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தர வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். செமஸ்டரில் பத்து மார்க் கேள்வியாகவும் வந்திருக்கும். ஆனால், அவள் கண் எதிரே இருக்கும்போது புத்தகத்தின் எந்தப் பக்கமும் ஞாபகம் வராது.

இங்கேதான் சூப்பர்வைசர் வருகிறார். சட்டப்படி என்ன செய்யணும், அம்மாவிடம் எப்படிச் சொல்லணும், அதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் எப்படிப் பேசணும் என்று கூட இருந்து யோசிப்பார். அதோடு விடமாட்டார். "அவ அழ ஆரம்பிச்சதும் நீ ஏன் சட்டுனு ஸ்கூல், மார்க்குன்னு டாபிக்கை மாத்தினே?" என்று கேட்பார். உங்களுக்கே தெரியாமல் நீங்கள் செய்தது அது. அடுத்தவர் அழுகையைத் தாங்க முடியாத உங்கள் பயத்தை நீங்கள் பார்த்துவிட்டால், அடுத்த முறை அவளால் முழுசாக அழ முடியும். இதை எந்த எழுத்துத் தேர்வாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

ஒரு கொலையும் ஒரு தீர்ப்பும்

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று தோன்றினால் கலிஃபோர்னியாவிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1969. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு இந்திய மாணவர். மனம் உடைந்து, பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சைக்குப் போகிறார். ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சைக்காலஜிஸ்ட்டிடம் சொல்கிறார். அவர் சும்மா இருக்கவில்லை. கேம்பஸ் போலீஸுக்குத் தகவல் கொடுக்கிறார். போலீஸ் பிடித்து விசாரித்து, 'தெளிவாத்தான் பேசறார்' என்று விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தத் துறையின் தலைவரே, மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பெண்ணுக்கோ அவள் வீட்டுக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள்.

பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். டாராசாஃப் வழக்கு என்று பெயர். 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருக்கிற மூன்றாவது மனிதரைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுப்பதும் சிகிச்சை தருகிறவரின் கடமை என்று தீர்ப்பு சொன்னது. இன்றைக்கு உலகம் முழுக்க இந்தத் துறை மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

கவனித்தீர்களா? சிகிச்சை தந்தவர் ஜூனியர் தப்பு எதுவும் செய்துவிடவில்லை. மேலே இருந்தவர் சொன்னதில்தான் விஷயம் நின்றுபோனது. அதனால் மேற்பார்வை என்பது பெயருக்கு ஒரு சீனியர் இருப்பது இல்லை. அந்த சீனியரும் தகுதியானவராக இருக்க வேண்டும். இன்று கலிஃபோர்னியாவில் கடந்த ஐந்து வருஷத்தில் ரெண்டு வருஷமாவது லைசென்ஸோடு இருந்தவர்தான் சூப்பர்வைசர் ஆக முடியும். எப்படி மேற்பார்வை செய்வது என்று அவரும் 15 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும். 3,000-ல் 1,700 மணி நேரமாவது எல்.சி.எஸ்.டபிள்யூ. ஒருவரின் கீழ் இருக்க வேண்டும்.

ஒரு கையெழுத்தின் விலை

எல்லாம் சரி, இதில் வில்லங்கமே இல்லையா? இருக்கு.

வாரா வாரம் நீங்கள் எழுதும் மணிக்கணக்கில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத மணி நேரம், நடக்காத மணி நேரம். ரெக்கார்ட் நோட்டில் சைன் வாங்க ஹெச்.ஓ.டி. ரூம் வாசலில் தவம் கிடந்தவர்களுக்கு இந்த வலி புரியும்! உங்கள் ரெண்டு வருஷ உழைப்பு இன்னொருவர் பேனாவில் இருக்கும்போது, "எனக்கு இந்த கேஸ் பயமா இருக்கு மேடம்" என்று உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு தைரியம் வரும்? உண்மையைச் சொல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அர்த்தமே இல்லை.

இந்தச் சிக்கல் விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் சூப்பர்வைசர் ஒரு வாரம் முன்னாடியே எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நேர்மையாகச் செய்த மணி நேரங்களுக்குக் கையெழுத்துப் போட்டே தீர வேண்டும். முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனாலும் ஜூனியர் பக்கமும் ஒரு விதி இருக்கிறதே!

எல்லாம் முடிந்த பிறகு பரீட்சை வேறு. அதன் மேல்தான் இப்போது பெரிய விவாதமே. தேர்வு நடத்தும் அமைப்பே 2022-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2018-ல் இருந்து 2021 வரை கிளினிக்கல் தேர்வை முதல் முறை எழுதிய வெள்ளையர்களில் சுமார் 84 சதவீதம் பேர் பாஸ். கறுப்பினத்தவரில் 45 சதவீதம்தான். தேர்வு எதை அளக்கிறது என்ற கேள்வி கிளம்பியது. இலினாய் மாநிலம், தேர்வில் தவறியவர்கள் கூடுதலாக 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்து லைசென்ஸ் வாங்க 2024 முதல் வழி திறந்துவிட்டது. ஒரு கதவு சரியில்லை என்று சந்தேகம் வந்தபோது அவர்கள் நம்பியது மேற்பார்வையைத்தான்.

அங்கே போற ஐடியா இருக்கா?

அப்போ ஒரு விஷயத்தை இப்பவே மனசில் போட்டுக்கோங்க. அங்கே போய்ப் படிக்கிறவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க ஓ.பி.டி. என்று 12 மாதம் கிடைக்கும். இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. சோஷியல் வொர்க்குக்கு அந்த நீட்டிப்பு இல்லை. கையில் இருப்பது 52 வாரம், லைசென்ஸ் கேட்பதோ 104 வாரம். மீதிக்கு விசா கொடுக்கிற முதலாளி கிடைக்க வேண்டும். லோன் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்து நிலவரத்தையும் விசாரியுங்கள். இங்கேயே எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டுப் போகிறவர்கள், பட்டம் இணையானதுதானா என்று அங்கே இருக்கும் சமூகப்பணிக் கல்விக் கவுன்சிலின் மதிப்பீட்டை வாங்க வேண்டும்.

இங்கேயே இருக்கப் போறீங்களா?

அப்போதும் இந்தக் கதை உங்களுக்குத்தான். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வோடு ரெண்டு வருஷ முழுநேர எம்.ஃபில். படித்தவர் என்கிறது. அந்தப் படிப்பில் மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் என்ற பெயரே இடம்பெற்றிருக்கிறது. ஆனால், எம்.எஸ்.டபிள்யூ. முடித்து 'கவுன்சலர்' என்று வேலைக்குச் சேருகிற நம்ம ஆளிடம், 'உனக்கு வாரம் ஒரு மணி நேரம் யார் ஒதுக்குகிறார்கள்?' என்று கேட்க கலிஃபோர்னியா மாதிரி ஒரு போர்டு கிடையாது.

கேட்க வேண்டியது நீங்கள்தான். ஃபீல்ட் வொர்க் போகிறபோது இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸை கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்துக்கொள்ளாதீர்கள். 'இந்த இடத்துல எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை சார்' என்று ஒரு கேஸையாவது எடுத்து வையுங்கள். வேலைக்கு இன்டர்வியூ போனால் சம்பளத்தோடு சேர்த்து, 'என் கேஸ்களை நான் யாரோட டிஸ்கஸ் பண்ணணும்?' என்று கேளுங்கள். பதில் இல்லாத இடம் என்றால், ஒரு சீனியரைப் பிடியுங்கள். கிளையன்ட் பெயர், அடையாளம் எதையும் சொல்லாமல் மாதம் ரெண்டு தடவையாவது உட்கார்ந்து பேசுங்கள்.

சோஷியல் வொர்க் படிக்காதவர்களுக்கும் ஒண்ணு. ஹாஸ்டலில் நைட் ரெண்டு மணிக்கு ஃப்ரெண்ட் கதவைத் தட்டி, 'யார்கிட்டயும் சொல்லாதேடா' என்று எதையாவது கொட்டுவான். 3,000 மணி நேரம் படித்தவர்களே அதைத் தனியாகச் சுமப்பதில்லை. நீங்க மட்டும் ஏன் சுமக்கணும்? விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் அவனையும் கூட்டிக்கொண்டு போங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்!