பட்டியலைத் தீர்மானிக்கும் வரிகள்

அரசு எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இன்று பட்டியலாகத்தான் மக்களிடம் வந்து சேர்கின்றன. உதவித்தொகைக்குத் தகுதியானவர்கள், சொத்துவரி பாக்கிதாரர்கள், இன்று மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நோயாளிகள், பணிமூப்பு வரிசை என்று எதை எடுத்தாலும் பட்டியல்தான். முன்பு இவற்றை எழுத்தர் பேரேட்டைப் புரட்டித் தயாரித்தார். ஒரு பெயர் விடுபட்டால் எந்த விதிப்படி விடுபட்டது என்று அவரிடம் கேட்க முடிந்தது. இப்போது தரவுத்தளத்திடம் குவெரி எனப்படும் ஒரு கேள்வி போகிறது, நொடியில் பட்டியல் வருகிறது. அந்தக் குவெரியை ஒரு மனிதர் யோசித்து எழுதினாரா, இடையில் இருக்கும் ஒரு மென்பொருள் தானாக உருவாக்கியதா என்பது புரோகிராமர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகவே இதுவரை கருதப்பட்டுவருகிறது. பொதுமக்களின் பணமும் உரிமையும் சம்பந்தப்பட்ட பட்டியல்களைப் பொறுத்தவரை அது அவர்களோடு முடிகிற விஷயம் இல்லை. அத்தகைய பட்டியல்களுக்கான குவெரிகள் கையால் எழுதப்பட வேண்டும், எவரும் படித்துப் பார்க்கும்படி தனியே வைக்கப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றுக்கு இடையிலான உறவுகளால் இணைக்கலாம் என்ற கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை வடிவமைத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். புரோகிராமர் மட்டுமல்லாமல், எப்போதாவது தகவல் தேடுகிற சாதாரணப் பயனாளரும் கையாள வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். பிறகு ஜாவா, ரூபி, பைத்தான் போன்ற மொழிகள் வளர்ந்தன. அவற்றில் ஒரு நோயாளி என்பவர் ஒரு பொருள். தரவுத்தளத்திலோ அவர் நான்கைந்து அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும் வரிசைகள். இந்த இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக வந்ததுதான் ஓ.ஆர்.எம். என்னும் மென்பொருள் அடுக்கு. 2001-இல் ஹைபர்நேட், 2004-இல் ரெயில்ஸ், 2005-இல் ஜாங்கோ என்று அது பரவி, இன்று புதிதாக வேலைக்குச் சேரும் பலருக்கு எஸ்.க்யூ.எல். எழுதாமலேயே தரவுத்தளத்தோடு வேலை செய்வது இயல்பாகிவிட்டது.

ஓ.ஆர்.எம். வீணான கண்டுபிடிப்பு அல்ல. ராயப்பேட்டை வெஸ்ட்காட் சாலையில் இருக்கும் அரசு மருத்துவமனையைப் போன்ற ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1911-இல் தொடங்கி இன்று கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியோடு இணைந்திருக்கும் அந்த அளவிலான மருத்துவமனைக்கு ஒரு மென்பொருள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓ.பி. சீட்டுப் போடும் கவுண்டரில் ஒருவருடைய பெயர், வயது, முகவரி, போன் நம்பர் பதிவாக வேண்டும். நாளை அவர் முகவரியைத் திருத்த வேண்டும். ஒரே ஒருவருடைய பதிவை எடுப்பது, மாற்றுவது, திரும்ப வைப்பது என்ற இந்த வேலைக்கு இருபது முப்பது வரி எஸ்.க்யூ.எல்.-ஐ ஒவ்வொரு திரைக்கும் கையால் எழுதுவது காலவிரயம். அட்டவணையில் புதிய பத்தி ஒன்று சேர்த்தால் எல்லா இடத்திலும் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும்; எங்காவது ஓரிடம் விட்டுப்போகும். இங்கே ஓ.ஆர்.எம். செய்யும் உதவி பெரிது. அதை வேண்டாம் என்று சொல்பவர்கள், ஒரே மாதிரியான அந்த வரிகளை வருடக்கணக்கில் பராமரிக்கும் சலிப்பையும் அதில் நுழையும் தவறுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சிக்கல் பட்டியலில் தொடங்குகிறது. காலை ஓ.பி.யில் காத்திருக்கும் 200 பேரைத் திரையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடந்த முறை வந்த தேதியும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் வேண்டும். ஓ.ஆர்.எம். வழியாக இதை இரண்டு மூன்று வரிகளில் அழகாக எழுதிவிடலாம். உள்ளே நடப்பது வேறு. முதலில் 200 பெயர்களுக்கு ஒரு குவெரி. பிறகு ஒவ்வொருவரின் முந்தைய வருகைக்கும் ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கும் ஒன்று. மொத்தம் 401. இருநூறு கேஸ் ஷீட்டுகள் தேவை என்று தெரிந்தும், பதிவேட்டு அறைக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓர் ஆளை அனுப்புவது போன்றது இது. ஒரு குவெரி போய்வர 2 மில்லிவினாடி ஆனால் முக்கால் வினாடிக்குச் சற்று மேல் ஆகும், பெரிதாகத் தெரியாது. தரவுத்தள சர்வர் வேறு ஊரில் இருந்து 20 மில்லிவினாடி ஆனால் 8 வினாடி. கவுண்டரில் இருப்பவர் பொத்தானை அழுத்திவிட்டு, எதிரே நிற்கும் கூட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பார். எழுதியவருடைய கணினியில் சோதனைக்காக ஐந்து நோயாளிகளே இருந்ததால் 11 குவெரிகள்தான் போயின. அவர் எதையும் கவனித்திருக்க வழியில்லை. ஓ.ஆர்.எம். நூலகங்களிலேயே இதற்குத் தீர்வு உண்டு, ஜாங்கோவில் முன்கூட்டியே எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று தெரிவதற்கே, அடியில் என்ன குவெரி போகிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேகம் குறைந்தால் யாராவது புகார் சொல்வார்கள், சரிசெய்துவிடலாம். பட்டியலிலிருந்து ஒரு பெயர் சத்தமில்லாமல் காணாமல் போனால் புகார் சொல்லக்கூட ஆள் இருக்காது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். ஓர் உதாரணம். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு அரசு அறிவித்த தகுதிகள் தெளிவானவை: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3600 யூனிட்டுக்குள். இப்படிப்பட்ட விதிகளை ஒருவர் புதிதாக மென்பொருளாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பங்கள் ஓர் அட்டவணையில், மின் இணைப்புகள் இன்னோர் அட்டவணையில். மின் இணைப்பின் பயன்பாடு 3600-க்குள் இருக்கும் குடும்பங்களை வடிகட்டு என்று ஜாங்கோவில் ஒரு வரி எழுதுகிறார். படிக்கும்போது விதியின் நேர்ப்பிரதி போலவே இருக்கிறது. அந்த நூலகம் அதை இன்னர் ஜாயினாக மாற்றுகிறது. அதாவது இரண்டு அட்டவணையிலும் இருப்பவர்கள் மட்டும்தான் பட்டியலில் வருவார்கள். ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்து, மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டாவது அட்டவணையில் வரிசையே கிடையாது. 3600 யூனிட்டைத் தாண்டியதால் அந்தக் குடும்பத்துப் பெண் நிராகரிக்கப்படவில்லை. அவரைப் பற்றிக் கேள்வியே கேட்கப்படவில்லை. நிராகரிப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. உதவி தேவைப்படுபவர்களில் கடைசி வரிசையில் நிற்பவர்தான் இந்த இடுக்கில் முதலில் விழுகிறார்.

கையால் எழுதினால் இந்தத் தவறு வராதா என்று கேட்கலாம். வரும். முதல் அட்டவணையில் இருக்கும் எல்லாரையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினை எழுத மறக்கலாம். அதை நினைவாக எழுதினாலும், வரிசை இல்லாத இடத்தில் தரவுத்தளம் நல் என்ற வெற்று மதிப்பை வைக்கும். அந்த வெற்றை 3600-உடன் ஒப்பிட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, அந்தக் குடும்பம் மறுபடியும் விடுபடும். இணைப்பே இல்லாதவர்களையும் சேர் என்று தனியாக ஒரு நிபந்தனை எழுதியாக வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், கையால் எழுதிய குவெரியில் ஜாயின் என்ற சொல் கண்ணெதிரே நிற்கிறது. எந்த ஜாயின், ஏன் என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்க முடியும், தணிக்கைக்கு வருபவர் கேட்க முடியும். ஓ.ஆர்.எம். வரியில் அந்தச் சொல்லே இல்லை; முடிவு நூலகத்தின் வயிற்றுக்குள் எடுக்கப்படுகிறது. உருவாகும் குவெரியை அச்சிட்டுப் பார்க்கும் வசதி பெரும்பாலான ஓ.ஆர்.எம்.களில் உண்டு என்பது அடுத்த பதிலாக வரும். உண்மைதான். ஆனால் இயந்திரம் எழுதிய நாற்பது வரியைப் பின்னால் திறந்து பார்ப்பவர்கள், ஏதோ கோளாறு என்று ஏற்கெனவே சந்தேகப்பட்டவர்கள்தான். சந்தேகம் வராத பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பாதுகாப்பு குறித்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பயனாளர் தட்டும் எழுத்துகளை அப்படியே குவெரியோடு ஒட்டினால், அதன் வழியாக ஒருவர் தன் சொந்தக் கட்டளையை உள்ளே நுழைத்துவிடலாம். பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2015-இல் இந்த வழியில்தான் ஏறத்தாழ 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடுபோயின. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. ஓ.ஆர்.எம். இருந்திருந்தால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனால் அந்தக் கதவை மூடுவது உண்மையில் வேறு ஒரு வழக்கம்: குவெரியின் வாசகத்தைத் தனியாகவும், மதிப்புகளைத் தனியாகவும் தரவுத்தளத்துக்கு அனுப்புவது. கையால் எழுதும் குவெரியிலும் இதைக் கட்டாயமாக்கலாம். பரவலாகப் பயன்படும் மொழிகளில் அதற்கு வசதி இருக்கிறது. மாறாக, ஓ.ஆர்.எம். தனக்கே உரிய ஓட்டைகளையும் கொண்டுவருகிறது. 2012 மார்ச்சில் நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவர், படிவத்தில் இல்லாத ஒரு தகவலைத் தானே சேர்த்து அனுப்பி, தனக்கு உரிமை இல்லாத இடத்துக்குள் நுழைந்து காட்டினார். வந்த தகவலையெல்லாம் அப்படியே பொருளில் நிரப்பிக்கொள்ளும் ரெயில்ஸின் வசதிதான் அதற்கு வழிவிட்டது. 2022-இல் ஜாங்கோவின் ஓ.ஆர்.எம். பகுதியிலேயே குவெரிக்குள் கட்டளை நுழைக்கும் ஓட்டைகள் கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டன.

தனிப்பதிவுகளுக்கு ஓ.ஆர்.எம்., பட்டியல்களுக்குக் கையால் எழுதிய குவெரி என்று நான் சொல்லும் நடுவழி புதிதும் அல்ல, ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. சத்தீஸ்கர் மாநிலம் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பு நடத்தும் கிராமப்புற மருத்துவமனையில் வேர்விட்டு வளர்ந்த பாம்னி என்ற திறமூல மருத்துவமனை மென்பொருளைப் பாருங்கள். அதன் அடித்தளமான ஓபன்எம்ஆர்எஸ், நோயாளியின் பதிவுகளை ஹைபர்நேட் வழியாகத்தான் எழுதுகிறது. ஆனால் மருத்துவர் திரையில் வரும் நோயாளி வரிசைகள், அதாவது இன்று வந்திருப்பவர்கள், வார்டில் இருப்பவர்கள் போன்ற பட்டியல்கள், கையால் எழுதிய எஸ்.க்யூ.எல். வாசகங்களாக அமைப்புப் பகுதியில் வைக்கப்படுகின்றன. அறிக்கைகளுக்கும் எஸ்.க்யூ.எல். எழுதும் வழி இருக்கிறது. வரிசையில் யார் வர வேண்டும் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அதை மூல நிரலைத் தொடாமல் உள்ளூரில் இருப்பவரே திருத்திக்கொள்ள முடிகிறது. பெங்களூரு பங்குத்தரகு நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதிய லிஸ்ட்மங்க் என்ற திறமூல மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: குவெரிகள் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு எஸ்.க்யூ.எல். கோப்பாகவே தனியே வைத்திருக்கிறார்கள். நிரல் படிக்கத் தெரியாத, ஆனால் தரவு தெரிந்த ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து உட்காரலாம்.

அதைப் படிக்க ஆள் எங்கே என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பதில் இருக்கிறது. எஸ்.க்யூ.எல். அதில் தனிப்பாடம், பைத்தான் வழியாக எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்குக் குவெரி அனுப்புவது இன்னொரு பாடம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு எட்டுகிற ஒரு மொழியை, வேலைக்கு வந்த பிறகு மறக்கச் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? நாளை தரவுத்தளத்தையே மாற்ற நேர்ந்தால் கையால் எழுதியதையெல்லாம் திருத்த வேண்டாமா என்றும் கேட்பார்கள். திருத்த வேண்டும்தான். ஆனால் மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற திறமூலத் தரவுத்தளம் ஒன்றில் தொடங்கினால் உரிமக் கட்டணத்துக்காக இடம் மாறும் தேவை வராது.

ஆகவே அரசுத் துறைகள் மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். பயனாளிகளைத் தேர்வு செய்யும், விலக்கும், வரிசைப்படுத்தும் ஒவ்வொரு குவெரியும் பெயரோடும், எந்த அரசாணையின் எந்த விதியைச் செயல்படுத்துகிறது என்ற குறிப்போடும் தனிக் கோப்பில் ஒப்படைக்கப்பட வேண்டும். மின் இணைப்பு இல்லாத குடும்பம், நில ஆவணம் இல்லாத குடும்பம் என்று விடுபடக்கூடிய ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரிப் பதிவை வைத்துச் சோதித்த விவரமும் கூடவே இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பணிகளை நிறைவேற்ற வகுத்துக்கொண்ட நெறிமுறைகளைப் பொது அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. இந்தக் கோப்பும் அதில் அடங்கும் என்று துறைகள் அறிவிக்கலாம். ஒப்பந்ததாரர் இதை வணிக ரகசியம் என்று சொல்லி, அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவைக் காட்டி மறுக்காதபடி, குவெரிகள் அரசின் உடைமை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். உள்நுழைவுத் திரை, முகவரித் திருத்தம், ரசீது போன்ற மற்ற எல்லாவற்றுக்கும் அவர்கள் தாராளமாக ஓ.ஆர்.எம். பயன்படுத்திக்கொள்ளட்டும்.