வாசலில் நிற்பவர் யார்?

2019 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், பையோடு வந்தவனை வாசலில் மறித்து உயிர்விட்டவர் காவலர் அல்லர், சபையார் ஒருவர். வெளியே பிள்ளைகள் பலர் மாண்டனர். உள்ளிருந்தோர் பலர் தப்பினர்.

ஊரப்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள சபைகளும் கிறித்தவப் பள்ளிகளும் தொண்டர் குழு அமைக்கட்டும் என்கிறோம். தடி சுழற்ற அல்ல. பையைச் சோதிக்க, அவசர வழியைத் திறந்துவைக்க, 112-ஐ அழைக்க, பிள்ளைகளை எண்ணி வெளியேற்ற.

ஆனால், வெயிலில் நிற்கச் சேரிப் பிள்ளைகள், தலைமைக்கு மற்றவர்கள் என்றால் ஒப்ப மாட்டோம். 2008 மார்ச்சில் எறையூர் தலித் கிறித்தவர்களைத் தாக்கியவர்கள் வெளியார் அல்லர், அதே பங்கின் சாதிக் கிறித்தவர்கள். 1950 ஆணையால் பட்டியல் சாதித் தகுதி மறுக்கப்பட்டவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுப்பதில்லை. குழுவின் பெயர்ப்பட்டியலை ஊராரும் சேரியாரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதட்டும். அதற்குப் பிறகு பயிற்சி தொடங்கலாம்.